குறிப்பேட்டில் சேராதவை

முதலில் வடிகால் குழாய்.
பிறகு நாய் உரிமக் கட்டணம், இரண்டு டாலர் கூடுதல்.
மூன்றாவதாகத்தான் பூட்டு:
வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்
அதைப் பூட்டி வைத்தாக வேண்டுமா, வேண்டாமா.

மிசௌரியின் வடகோடி. தீயணைப்பு நிலையத்துப் பின்கூடம்.
ஜனவரி. ஹீட்டர் இருமுகிறது.
மடக்கு நாற்காலிகள் போதாமல்
சுவரோரம் நிற்கிறார்கள், பூட்ஸில் பனி உருக.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு.
நான் லோரெய்ன் புஷெக், கவுன்டி எழுத்தர்,
பத்தொன்பது வருடமாக.
பேசியதை எழுத வேண்டும்.
இருமல், அழுகை, கைதட்டல் எழுதக் கூடாது.
விதி அப்படி.

லைல் ஹாஸ்டெட்லர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.
குளிர்காலம் முழுக்க அவர் வீட்டில் மான்கறிதான்.
ஷெரீப் வந்துசேர நாற்பது நிமிடம்,
கதவை உடைக்க நாலே உதை.
"மிச்ச நேரத்தில் நான் என்ன,
சாவி தேடிக்கொண்டிருக்கவா?"
கைதட்டல்.

ஜோலீன் விட்காம்
முன்னாள் கணவன் நெருங்கக் கூடாதென்ற
நீதிமன்றத் தாளைத் தூக்கிக் காட்டினாள்.
மடிப்புகளில் கிழிந்திருந்தது.
"அவன் வண்டிக்குப் படிக்கத் தெரியாது" என்றாள்.
எனக்கு ஜோலீனைப் பிடிக்கும்.
அவள் சுட்டு எடுத்துவந்த ஆப்பிள் பை
காபிப் பானையருகே பாதி தீர்ந்திருக்கிறது.

அவசரப் பிரிவு நர்ஸ் ரெனாட்டா ஓப்லாக்
புள்ளிவிவரம் எதுவும் கொண்டுவரவில்லை.
"உடைகளைக் காகிதப் பையில்தான் போடுவோம்.
பிளாஸ்டிக் என்றால் ரத்தம் பூஞ்சை பிடிக்கும்.
குழந்தைகளின் ஷூவுக்கென்று சின்னப் பை கிடையாது.
பெரிய பையையே மடித்து மடித்துச் சின்னதாக்குவேன்."
மஞ்சள் விளக்கு வருமுன்பே உட்கார்ந்துவிட்டாள்.

தாடியஸ், வயது பதினாறு:
"பள்ளிக்கூட ஒத்திகையில் விளக்கை அணைப்பார்கள்.
என் உயரம் ஆறடி மூன்றங்குலம்.
மேஜைக்கு அடியில் ஒளிந்தால் கால் வெளியே நீட்டும்.
டீச்சர் தன் ஸ்வெட்டரைக் கழற்றி
என் கால்மேல் போட்டார்."
சிலர் சிரித்தார்கள். பிறகு நிறுத்தினார்கள்.

இரண்டாம் திருத்தம் பதினோரு முறை வந்தது.
சுருக்கெழுத்தில் அதற்கென்றே
ஒரு சுழி வைத்திருக்கிறேன்.

கடைசியில் வெர்னீஸ் டாலிவர்.
பச்சை எரிந்தது.
அவள் பேசவில்லை.
கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள்.
டிக்.
அவள் மகன் எமெட்டுக்கு ஒன்பது வயது.
பக்கத்து வீட்டில், ஃப்ரிட்ஜின் மேல்,
சீரியல் டப்பாவுக்குப் பின்னால் இருந்ததை
விளையாட்டுத் தோழன் எடுத்துக் காட்டினான்.
அந்தத் தோழனின் அப்பா நான்காம் வரிசையில்,
தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தபடி.
மஞ்சள்.
டிக்.
சிவப்பு.
தலைவர் நன்றி சொன்னார்.

கொலையைப் பற்றிப் பேசினார்கள்,
கொள்ளையைப் பற்றி, கொடுங்கோல் அரசைப் பற்றி.
என் ரஸ் எதிலும் சேரவில்லை.
போன மார்ச், கொட்டகையில்,
நல்ல வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு,
எனக்குத் துடைக்கும் வேலை வைக்கக் கூடாதென்று.
சுட்டுக்கொண்டான் என்று எழுதினார்கள்.
பெட்டிக்குப் பூட்டு இருந்தது.
சாவியைக் கேட்டான். கொடுத்தேன்.
மான் பருவம் முடிந்துவிட்டதே என்று
அப்போது தோன்றவே இல்லை.
எழுத்தருக்கு மூன்று நிமிடம் கிடையாது.
இருந்திருந்தாலும் எந்தப் பக்கம் பேசியிருப்பேன்?

மூன்றுக்கு மூன்று. தலைவர் தன் வாக்கைச் சொல்லாமல்
ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தார்.
வடிகால் குழாய் ஒருமனதாக நிறைவேறியது.

வீட்டில், நள்ளிரவுக்குப் பிறகு தட்டச்சு செய்கிறேன்.
ஹாஸ்டெட்லர்: எதிர்ப்பு.
விட்காம்: எதிர்ப்பு.
ஓப்லாக்: ஆதரவு.
தாடியஸ் எந்தப் பக்கமென்று சொல்லவில்லை, உயரத்தைத்தான் சொன்னான்.
வெர்னீஸ் டாலிவர்:
விதி எனக்குத் தெரியும்.
"மூன்று நிமிடம்" என்று அடித்தேன்.
அழித்தேன்.
மறுபடி அடித்தேன்.

தொட்டியில் ஜோலீனின் பை தட்டு ஊறுகிறது.
ஓரத்தில் தீய்ந்த சர்க்கரை, விடமாட்டேன் என்கிறது.
காலையில் கழுவிக் கொடுத்துவிட வேண்டும்.